பனி எத்தனை மணிக்குக் காய்ந்தது?

தை பிறப்பதற்குச் சற்று முன், காலை ஆறு மணிக்குத் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயல் வரம்பில் நடந்தால் சாரம் முழங்கால் வரை நனைந்துவிடும். மழை பெய்திருக்காது. அத்தனையும் பனி. பெரும்போக நெல் வேளாண்மை குடலைப் பருவம் தாண்டிக் கதிர் தள்ளத் தொடங்கும் நேரம் அது. அந்த நேரத்தில் என் மாமா ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மருந்தடிக்கவா, விடவா?"

ஓர் ஆண்டு நோய் தெரியட்டும் என்று காத்திருந்தார். கதிரின் கழுத்து கறுத்த பிறகு அடித்தார். மருந்துக் காசும் போயிற்று, கதிரும் பதராயிற்று. அந்தப் பயத்தில் அடுத்த ஆண்டு இரண்டு முறை அடித்தார். அக்கம்பக்கத்தில் அடிக்காத வயல்களிலும் அந்தப் போகம் நோய் வரவில்லை. இரண்டு ஆண்டிலும் அவர் இலையைத்தான் பார்த்தார். ஆனால் நெல்லின் இலையையும் கதிர்க் கழுத்தையும் தாக்கும் இந்த எரிபந்த நோய் வருமா வராதா என்பது இலையில் எதுவும் தெரிவதற்கு முன்பே, சில இரவுகளில் முடிவாகிவிடுகிறது. அந்த இரவுகளைக் கணக்கெடுப்பதற்குப் பெயர்தான் நோய் முன்னறிவிப்பு.

இந்தக் கணக்கை மிகத் தெளிவாகக் காட்டும் பயிர் எங்கள் ஊரில் விளைவதில்லை. கனோலா என்பது கடுகுக்கும் கோவாவுக்கும் உறவான எண்ணெய்ப் பயிர். கனடாவில் 1970களில் உருவாக்கப்பட்டது. பூக்கும் காலத்தில் வயல் முழுவதும் மஞ்சளாக இருக்கும். அதைத் தாக்கும் தண்டழுகல் நோய்க்குக் காரணம் ஸ்கிளெரோட்டினியா என்ற பங்கசு. எலிப்புழுக்கை போன்ற கறுப்புக் கட்டிகளாக அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். பயிர் அடர்ந்து நிழல் விழுந்து, மேல்மண் ஒன்றிரண்டு கிழமை ஈரமாகவே இருந்தால் அந்தக் கட்டிகளிலிருந்து சிறு கிண்ணக் காளான்கள் முளைக்கும். அவை விதை போன்ற நுண்ணிய வித்திகளைக் காற்றில் தூவும்.

இந்த வித்திக்கு நல்ல பச்சைத் தண்டைத் துளைக்கும் வலு இல்லை. முதலில் செத்த இழையம் வேண்டும். கனோலாவின் உதிரும் பூவிதழ்தான் அதற்குக் கிடைக்கும் முதல் சாப்பாடு. வித்தி விழுந்த இதழ் உதிர்ந்து இலைக்கக்கத்தில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால், அந்த இதழைத் தின்று வலுப்பெற்ற பங்கசு அங்கிருந்து தண்டுக்குள் இறங்கும். அதனால் பூக்கும் காலமும் ஈரமும் சேர்ந்து வந்தால்தான் நோய். தண்டு வெளுத்துத் தெரிவதற்கு இன்னும் சில கிழமைகள் ஆகும். அப்போது எந்த மருந்தும் உதவாது. பூக்களில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை விரிந்திருக்கும் நாட்களில், வயலில் ஒரு நோய்ச்செடிகூடத் தென்படாத வேளையில், அங்கே பங்கசுநாசினி தெளிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை அங்கே எப்படி அளக்கிறார்கள்? கனடாவில் ஒரு வழி, பூவிதழ்களைப் பறித்து, பங்கசு வளர்க்கும் ஏகார்த் தட்டில் வைத்து, சில நாட்களில் எத்தனை இதழ்களிலிருந்து இந்தப் பங்கசு வளர்கிறது என்று எண்ணுவது. ஜெர்மனியில் 2007இல் வெளியிடப்பட்ட ஸ்கிளெரோபுரோ என்ற முறை மணி நேரத்தை எண்ணுகிறது. பயிருக்குள்ளே வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதனும் பங்கசுக்கு ஏற்ற அளவில் இருந்த ஒவ்வொரு மணி நேரமும் ஒரு "தொற்று மணி". பூக்கும் பருவத்தை ஒட்டி அவை 23ஐத் தாண்டினால் ஆபத்து. அதே வயலில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயிரை வைக்கிறார்கள் என்பதையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. இழப்பை மதிப்பிடக் கனடாவில் எளிய ஒரு வாய்பாடு உண்டு: நூற்றுக்கு இருபது செடியில் நோய் என்றால் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து போகும்.

இந்தச் சிந்தனையின் வேர் ஒன்று இலங்கையிலேயே இருக்கிறது. 1869 முதல் கோப்பித் தோட்டங்களைத் துரு நோய் அழித்தபோது, அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் இங்கே வந்தார். ஒட்டும் கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். இலையில் நீர் நின்றால்தான் வித்தி முளைக்கிறது என்று கண்டார். மருந்து, வித்தி முளைக்கும் முன்பே இலைமேல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கோப்பியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் இன்றைய எந்த முன்னறிவிப்பு முறையையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே அவருடைய அந்த இரண்டு வாக்கியங்கள் இருக்கும்.

நெல்லுக்கு வருகிறேன். எரிபந்தப் பங்கசின் வித்திகள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பறக்கின்றன. இலையில் இருக்கும் கண்வடிவப் புள்ளி ஒன்றே ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை விடும். ஈர இலையில் விழுந்த வித்தி முளைவிட்டு, நுனியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஓர் உறுப்பைக் கட்டுகிறது. அந்தக் கிண்ணத்தின் சுவரில் மெலனின் என்ற கருநிறப் பொருள் படிகிறது. உள்ளே நீர் ஏற ஏற அழுத்தம் கூடி, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்காகிறது. கார் டயரில் இருப்பதைவிட அது சுமார் 40 மடங்கு அதிகம். அந்த அழுத்தத்தில்தான் ஒரு மெல்லிய முளை இலைத்தோலைக் குத்தி இறங்குகிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து அந்த மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத சுவருக்குள் அந்த அழுத்தம் சேராது. பங்கசு உள்ளே போன பிறகு அடித்தால் மருந்து தடுக்க வேண்டிய வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். மாமாவின் முதல் ஆண்டு இழப்புக்குக் காரணம் இதுதான். மருந்து போலி என்று அவர் இன்றுவரை நம்புகிறார். நேரம்தான் தவறு என்பது என் எண்ணம்.

இவ்வளவும் நடக்க இலை ஏறத்தாழ பத்து மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் பங்கசுக்கு வசதி. மார்கழி, தை இரவுகளில் எங்கள் பக்கம் வெப்பநிலை அதற்கு அருகிலேயே நிற்கிறது. மிச்சம் இருப்பது ஈரம் மட்டுமே. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கிறது, பனி இறங்குகிறது. மந்தாரமாக இருந்து தூறல் விழும் நாளும் ஆபத்தானது, ஏனென்றால் ஈரம் காயவே காயாது. வாடைக்காற்று வீசும் இரவில் பனி குறைவு. சிறுபோகத்தில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இலை விரைவாகக் காய்ந்துவிடும். நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயர்களுக்குள்ளேயே பாதி முன்னறிவிப்பு இருக்கிறது.

ஜப்பானில் இதைப் பிளாஸ்டாம் என்ற முறையாக்கினார்கள். 1974இல் தொடங்கிய தானியங்கி வானிலை நிலைய வலையமைப்பிலிருந்து மழை, காற்று, வெயில், வெப்பநிலை ஆகியவற்றை மணிக்கு மணி எடுத்து, இலை எவ்வளவு நேரம் நனைந்திருந்திருக்கும் என்று கணித்து, தொற்றுக்கு ஏற்ற நாள் எது என்று சொல்லும் முறை அது. நேராக அளப்பதும் கடினமில்லை. நீர் படிந்தால் மின் அளவு மாறும் சிறு தகடு ஒன்றைப் பயிர் உயரத்தில் வைத்தால் போதும். பயிர் உயரம் என்பது இதில் முக்கியம். திருகோணமலை நகரத்தின் கடற்கரை வானிலை நிலையம் சொல்லும் ஈரப்பதனும், யூரியா கூடிப்போய் அடர்ந்து நிற்கும் வயலின் இடுப்பளவில் இருக்கும் ஈரப்பதனும் ஒன்றல்ல. தழைச்சத்து கூடிய இலை மென்மையாக இருப்பதால் அதே பனியில் அதற்கு ஆபத்தும் கூடுதல்.

ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் முடிவு வந்துவிடாது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு மருந்துக்கும் கூலிக்கும் ஒன்றரை மூடை நெல்லின் விலை செலவாகிறது என்று வையுங்கள். நோய் வரும் ஆண்டில் அந்த மருந்து நான்கு மூடையைக் காப்பாற்றும் என்று வையுங்கள். ஒன்றரையை நான்கால் வகுத்தால் ஏறத்தாழ 0.38. அதாவது நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 38க்கு மேல் இருந்தால் அடிப்பது இலாபம், குறைந்தால் விடுவது இலாபம். நெல் விலை ஏறினால் இந்த எல்லை இறங்கும். மருந்து விலை ஏறினால் எல்லையும் ஏறும். நோயை எதிர்க்கும் நெல்லினத்தை விதைத்தவருக்குக் காப்பாற்ற வேண்டிய மூடையே குறைவு. ஆகவே ஒரே பனியைப் பார்த்து அடுத்தடுத்த வயற்காரர் இருவர் வெவ்வேறு முடிவு எடுத்தால் இருவரும் சரியாக இருக்கலாம்.

"எதற்கும் அடித்து வைப்போம்" என்ற பழக்கத்தை நான் ஏற்பதில்லை. செலவு மட்டும் காரணமல்ல. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் கசுகாமைசின் என்ற மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த பகுதிகளில், அதற்குச் சாகாத எரிபந்தப் பங்கசு பெருகியது. தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும், உண்மையாகத் தேவைப்படும் ஆண்டுக்கான மருந்தை நாமே மழுங்கடிக்கிறோம்.

இந்தப் போகம் மாமாவுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். நான்கு பத்தி: முதல்நாள் மாலை எத்தனை மணிக்கு இலை நனையத் தொடங்கியது, மறுநாள் எத்தனை மணிக்குக் காய்ந்தது, காற்று இருந்ததா, கீழ் இலைகளில் கண்வடிவப் புள்ளி உண்டா. குடலைப் பருவத்திலிருந்து கதிர் முழுவதும் வெளிவரும் வரை எழுத வேண்டும். தொடர்ந்து சில இரவுகள் பத்து மணி நேரத்தைத் தாண்டி, கீழ் இலையில் புள்ளியும் இருந்தால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று இரவு எட்டரைக்கு நனைந்தது, இன்று காலை எட்டேகாலுக்குக் காய்ந்தது, காற்று இல்லை, புள்ளி இல்லை என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்தின இரவு வாடை வீசியதால் ஐந்து மணி நேரம் மட்டுமே. இன்னும் அடிக்கவில்லை.