வயிற்றைப் பார்த்துக் குட்டியை எண்ணலாமா?

லயத்து வரிசை வீடுகளின் கோடியில் கட்டியிருக்கும் சினையாட்டைப் பார்த்து, "வயிற்றைப் பார், கட்டாயம் இரட்டைதான்" என்று சொல்லாதவர்கள் தோட்டத்தில் குறைவு. நானும் அப்படிச் சொல்லி ஏமாந்திருக்கிறேன். ஈன்றது ஒற்றைக் குட்டி. ஆட்டின் இடப்பக்கம் புடைத்திருப்பது இரைப்பை. நான் எண்ணிப் பார்த்தது அன்றைய பலா இலையைத்தான்.

குட்டிகளின் கணக்கு ஐந்து மாதம் முன்பே, சூலகத்தில் முடிந்துவிடுகிறது. பருவத்துக்கு வந்த ஆட்டில் எத்தனை முட்டைகள் வெளியாகின்றனவோ, பெரும்பாலும் அதுவே உச்ச வரம்பு. சில கருவாகாமல் போகும், சில கருப்பையில் தங்காமல் கழியும். எண்ணிக்கை குறையுமே தவிர, கூடுவது அபூர்வம்.

முதல் ஈத்தில் ஒன்று, மூன்றாம் நான்காம் ஈத்தில் இரண்டு என்பது பொதுவான போக்கு. போயர் இனத்தில் இரட்டை சாதாரணம். இவையெல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஆட்டின் உடம்பு. கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வாள் பல் போலக் குத்தினால் ஆடு மெலிந்திருக்கிறது. அதைக் கிடாய்க்கு விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் முட்டைகள் முதிர வாய்ப்புண்டு. ஏற்கெனவே கொழுத்த ஆட்டுக்கு இந்தச் செலவு வீண்.

பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஒன்று ஒன்றரை நாள் நீடிக்கும். வாலை விடாமல் ஆட்டும், ஓயாமல் கத்தும், தீனியில் மனம் இருக்காது. முட்டை வெளியாவது பருவத்தின் கடைசிப் பகுதியில். அதனால் காலையில் வாலாட்டம் கண்டால் மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் மறுமுறை கிடாயிடம் விடுவது நல்லது. தேதியைக் கலண்டரில் குறித்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வாலாட்டவில்லையென்றால் அநேகமாகச் சினை. கிடாயிடம் விட்ட தேதியிலிருந்து ஏறத்தாழ 150 நாளில் ஈனும்.

ஐரோப்பிய ஆடுகள் பகல் சுருங்கும் இலையுதிர் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். நம் இலங்கை மலைகளில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. இங்கே ஆடு எந்த மாதமும் சினைப்படும். மாதத்தை நாம்தான் தெரிந்தெடுக்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரியில் கிடாய்க்கு விட்டால், குட்டி ஜூன் மழையில் நனைந்த பட்டியில் விழும். சளிக்காய்ச்சலுக்கு அதைவிட வசதி வேண்டாம். ஆகஸ்ட் நடுவில் விட்டால் தைப்பொங்கல் அளவில் ஈனும். குளிர் இருக்கும், ஆனால் தரை காய்ந்திருக்கும். பதுளைப் பக்கத்தாருக்கு மார்கழி மழை உண்டு. அவர்கள் கணக்கு வேறு.

எண்ணித்தான் ஆகவேண்டுமென்றால், கிடாயிடம் விட்ட 45ஆம் நாளுக்கும் 90ஆம் நாளுக்கும் இடையில் மிருக வைத்தியரிடம் ஸ்கேன் பார்க்கலாம். பிறகு குட்டிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். இரண்டு என்று தெரிந்தால் கடைசி ஐம்பது நாளில் கவனம் வேண்டும். குட்டிகள் எடை போடுவது பெரும்பாலும் அப்போதுதான். இடத்தை அவை பிடித்துக்கொள்வதால் இரைப்பையில் தீனி கொள்வதும் குறையும். பசியை ஈடுகட்டத் தாய் தன் கொழுப்பை மளமளவென்று கரைத்து, நச்சேறிப் படுத்துவிடும். தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரே வேளையில் கொட்டாமல், நாளுக்கு மூன்று முறை கைப்பிடி கைப்பிடியாக வையுங்கள்.