எல்லாத் தையலும் ஒரே மாதிரி இருந்தா மட்டும் போதாதுங்க

இந்த வாரமும் ஒரு குயில்ட் டாப் வந்துச்சு, அதாவது துணித் துண்டு சேர்த்துத் தைக்கற போர்வையோட மேல் அடுக்கு. நல்ல காட்டன் துணி, கலர் எல்லாம் அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்திருக்காங்க, ஒன்பது கட்டம் சேர்த்துத் தைச்ச பிளாக் ஒண்ணு, பக்கத்துல ஒட்டே இல்லாத வெறும் சதுரம் ஒண்ணு, மறுபடி ஒன்பது கட்டம்னு மாத்தி மாத்தி அடுக்கியிருக்காங்க. மேஜைல விரிச்சா படுக்கவே மாட்டேங்குது. வெறும் சதுரம் ஒவ்வொண்ணும் நடுவுல உப்பிக்கிட்டு நிக்குது, கட்டம் போட்ட பிளாக் எல்லாம் இழுபட்டு விறைச்சுக் கெடக்கு. "குயில்டிங் போட்டா அதெல்லாம் அமுங்கிடும்ல?"ன்னு கேட்டாங்க. அமுங்காதுங்க. இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எழுதியே போட்டுடறேன்.

மத்தவங்க தைச்சுக் கொண்டு வர்ற டாப்புக்கு நடுவுல பஞ்சு, அடியில துணி வச்சு மெஷின்ல குயில்டிங் போட்டுக் குடுக்கறது என்னோட தொழில், புதுசா கத்துக்கறவங்களுக்கு கிளாஸும் எடுக்கறேன். உப்பின துணி மெஷினுக்கு அடியில போனா ஃபுட் (துணியை அமுக்கிப் பிடிக்கற பாதம்) அந்த உபரியைத் தள்ளிக்கிட்டே போய் அடுத்த தையல்கிட்ட மடக்கி அப்படியே கொசுவமா தைச்சுடும். அப்புறம் அதைப் பிரிக்கணும்னா மூணு அடுக்கையும் பிடிச்சுப் போட்ட தையலை ஒவ்வொண்ணா எடுக்கணும். தடிமனான பஞ்சு கொஞ்சம் உப்பலை உள்வாங்கிக்கும், நிஜம்தான், ஆனா பிளாக்குக்கு பிளாக் கால் இஞ்ச் கணக்குல வர்ற துணியை எந்தப் பஞ்சும் உள்வாங்காது.

சரி, எங்க தப்பாச்சுன்னு பாக்க ஒரு பிளாக்கைத் திருப்பிப் போட்டு அளந்தேன். துணி ஓரத்துலேருந்து தையல் கோடு வரைக்கும் கால் இஞ்ச் விடணும், இதுல விட்டிருக்கறது அதை விட ஒரு 1/16 இஞ்ச், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் கூட. கேட்டா வர்ற பதில்தான் என்னைக் கோபப்படுத்துது. "கால் இஞ்ச் கரெக்டா இல்லாட்டியும் பரவாயில்ல, எல்லாத் தையலும் ஒரே மாதிரி இருந்தா போதும்னு சொன்னாங்களே."

யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல, ஏன்னா எல்லாரும்தான் சொல்றாங்க. தயவுசெஞ்சு இதை ஒரு தடவை உக்காந்து கணக்குப் போட்டுப் பாருங்க, பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல.

2.5 இஞ்ச் சதுரம் மூணை வரிசையா சேர்க்கறீங்க. மொத்தம் 7.5. நடுவுல ரெண்டு தையல், ஒவ்வொரு தையலும் ரெண்டு பக்கமும் கால் கால்னு அரை இஞ்ச் சாப்பிடும், மீதி 6.5. அதனாலதான் பக்கத்துல வர்ற வெறும் சதுரத்தை 6.5ன்னு வெட்டச் சொல்றோம். இப்ப உங்க தையல் 1/16 கூட. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச் அதிகமாப் போகுது, ரெண்டு தையலுக்கு கால் இஞ்ச். பிளாக் 6.25 ஆயிடுச்சு. ஒரே மாதிரிதான் தைச்சீங்க, எல்லா ஒன்பது கட்டமும் ஒரே மாதிரி 6.25 தான் இருக்கு, அதுல நான் குறையே சொல்லல. ஆனா வெறும் சதுரத்துல தையலே கிடையாதே! அது எங்க குறையும்? அது வெட்டின 6.5லயேதான் நிக்கும். வெறும் சதுரம் கட்டம் போட்ட பிளாக்கை விட கால் இஞ்ச் பெரிசு, ரெண்டையும் குண்டூசி குத்தி இழுத்துப் பிடிச்சுத் தைச்சா ஒண்ணு விறைக்கும் ஒண்ணு உப்பும்.

அதாவது தப்பு எல்லாத் துண்டுலயும் சமமா விழறதில்ல, தையல் எத்தனை இருக்கோ அத்தனை மடங்கு விழுது. சதுரமும் நீள்சதுரமும் கலந்து வர்ற பிளாக்ல இதுதான் பெரிய தொந்தரவு. ஏன்னா அதோட டிசைனே ஒரு நீளத் துண்டுக்குப் பக்கத்துல நாலு சின்னத் துண்டை நிறுத்தறதுதான். ரெண்டு 2.5 சதுரத்தைச் சேர்த்து அதுக்குக் கீழ 2.5க்கு 4.5 நீள்சதுரம் ஒண்ணு வைக்கற பிளாக் இருக்கே, கிளாஸ்ல முதல் நாளே சொல்லித் தர்றது, அதுலயே அரைக்கால் இஞ்ச் நீட்டிக்கிட்டு நிக்கும். நாலு சதுரம் சேர்த்து பக்கத்துல 8.5 நீளத் துண்டுன்னா மூணு தையல், அரை இஞ்ச்ல முக்கால் பாகம், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடிக்கும். அப்ப என்ன பண்றாங்க, நீட்டிக்கிட்டு இருக்கறதைக் கத்திரியால நறுக்கிடறாங்க. நறுக்கினா பிளாக்கே சின்னதாப் போகும், பக்கத்துல அளவு குறையாத துண்டு வந்தா அதோட தையல் கோடு சேராது, அப்புறம் "மூலை எல்லாம் ஏன் சேரல"ன்னு ஒரு கேள்வி வரும்.

வெறும் சதுரமே இல்லாத டிசைன்னா தப்பிச்சுடலாமான்னு கேப்பீங்க. மூணு பட்டையை நீளவாக்குல சேர்த்து ஒரு நேரா ஒரு குறுக்கான்னு திருப்பித் திருப்பி வைக்கற ரெயில் ஃபென்ஸ் பிளாக்கை எடுத்துக்கோங்க. பட்டை ஒவ்வொண்ணும் 2.5க்கு 6.5. நீளம் பக்கம் தையல் இல்ல, அதனால 6.5 அப்படியே இருக்கும். அகலம் பக்கம் ரெண்டு தையல், அது 6.25. சதுர பிளாக்னு நெனச்சுத் தைச்சது சதுரமே இல்ல. திருப்பி வைக்கும்போது ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கால் இஞ்ச் இடிக்கும். இதுலயும் எல்லாத் தையலும் "ஒரே மாதிரி"தான் இருந்துச்சு.

அந்தப் பேச்சு எங்க செல்லும்னா, எல்லா பிளாக்கும் ஒரே டிசைனா, நாலு பக்கமும் தையல் எண்ணிக்கை சமமா இருக்கற நாலு கட்டம், ஒன்பது கட்டம் மட்டுமே போட்டு, டாப் மொத்த சைஸ் கொஞ்சம் குறைஞ்சாலும் கவலை இல்லன்னா செல்லும். வேற எதையும் பக்கத்துல வைக்கப் போறீங்கன்னா செல்லாது.

இன்னொரு கூட்டம் இருக்கு, கையால செஞ்சது கோணலா இருந்தாத்தான் அழகுன்னு சொல்றவங்க. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தைச்ச குயில்ட்டை எல்லாம் போட்டோ காட்டுவாங்க, 2002ல ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்துலயே கண்காட்சி வச்ச வேலை அது, எனக்கும் உயிரு. ஆனா அந்தப் பாணியில முன்கூட்டியே 6.5ன்னு வெட்டி வச்சுட்டுப் பொருத்தறதில்ல, துண்டைச் சேர்த்துச் சேர்த்து, பக்கத்துல இருக்கறதைப் பாத்து அதுக்கு ஏத்த மாதிரி அடுத்ததை வெட்டறது. அப்படித் தைக்க ஆசைன்னா தாராளமா அப்படியே தைங்க. அளவு போட்டு வெட்டிட்டு அளவை விட்டுத் தைக்கறதுக்கு அதைச் சாக்கா சொல்லாதீங்க.

இந்த 1/16 எங்கேருந்து வருது? பெரும்பாலும் ஃபுட்லேருந்து. மெஷினோட வர்ற சாதாரண ஃபுட்டோட வலது ஓரம் கால் இஞ்ச்னு நெனச்சுக்கறாங்க, நிறைய மெஷின்ல அது கால் இஞ்சை விட அகலம். டிரஸ் தைச்சுக் கை பழகினவங்களுக்கு அரை இஞ்சுக்குத் தானா கை போகும், அவங்கதான் இதுல ரொம்பக் கஷ்டப்படறாங்க, தையல் நேரா அழகா இருக்கும், ஆனா அளவு வராது. இன்னொண்ணு, கால் இஞ்ச் துல்லியமா விட்டாக்கூட தையலை மடிச்சு அயர்ன் பண்ணும்போது அந்த மடிப்புல ஒரு இழை ரெண்டு இழை போகும். அதனால கால் இஞ்சுக்குக் கொஞ்சூண்டு கம்மியா ஓட்டணும். சரியா எவ்வளவு கம்மின்னு நான் சொல்ல முடியாது, உங்க துணி, உங்க நூல் கனம், அதைப் பொறுத்தது.

அதுக்குத்தான் டெஸ்ட். 1.5 இஞ்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டுங்க, நீளம் ஒரு விரல் நீளம் போதும். மூணையும் சேர்த்துத் தைச்சு, அயர்ன் பண்ணி, அளங்க. மொத்தம் 3.5 வரணும், நடுப்பட்டை சரியா 1 இஞ்ச் இருக்கணும். நடுப்பட்டை ஒல்லியா இருந்தா அதிகமா விடறீங்க, குண்டா இருந்தா கம்மியா விடறீங்க. தையலோட ஓரத்துல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, தைச்சு வந்த துண்டை அளங்க, துண்டு சொல்றதுதான் கணக்கு. சரியா வந்ததும் அந்த இடத்துல மெஷின் பிளேட்டு மேல மாஸ்கிங் டேப்பை ரெண்டு மூணு அடுக்கா ஒட்டி வேலி போட்டுக்கோங்க, துணி அதுல உரசிக்கிட்டே போகட்டும். கால் இஞ்ச் ஃபுட் தனியா வாங்கினாலும் இந்த டெஸ்ட் பண்ணணும், ஃபுட்டை நம்பி விட்டுடாதீங்க. நூல் மாத்தினாலும் திரும்பப் பண்ணுங்க.

அயர்ன் விஷயத்துக்கு வரேன். பிளாக் சின்னதாப் போச்சுன்னா ஸ்டீம் போட்டு இழுத்துத் தேய்ச்சு பெரிசாக்கறவங்க இருக்காங்க. பாவு ஊடை (நெசவோட நீள நூல், குறுக்கு நூல்) நேரா வெட்டின சதுரம் அவ்வளவா நீளாது, நீட்டினாலும் ஈரம் பட்டதும் திரும்பிப் போயிடும், நடுவுல கோணலும் ஆயிடும். சட்டைக்குத் தேய்க்கற மாதிரி முன்ன பின்ன தேய்க்காதீங்க, வச்சு எடுங்க, வச்சு எடுங்க. முதல்ல, தைச்ச கோட்டு மேலயே ஒரு தடவை வச்சு எடுத்துட்டு அப்புறம் விரிச்சு, தையலை அடர் கலர் பக்கமா மடக்குங்க. அடுத்தடுத்த வரிசைக்கு எதிர் எதிர்ப் பக்கமா மடக்கினா ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது மேடும் மேடும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும், விரலால தடவிப் பாத்தாலே தெரியும், மூலை தானா சேரும்.

வெட்டற விஷயத்துல சுருக்கமா. ஓரக்கரையைச் சேர்க்காதீங்க, அதோட நெசவு வேற, சுருங்கறதும் வேற. துணியை மடிச்சு வச்சுப் பட்டை வெட்டும்போது ஸ்கேல் மடிப்புக்கு நேர்க்குத்தா இல்லன்னா பிரிச்சுப் பாத்தா மடிப்புல வளைஞ்சிருக்கும், அந்தப் பட்டையை எப்படித் தைச்சாலும் நேராகாது. ஒரு வேலை முழுக்க ஒரே ஸ்கேல். இஞ்ச்ல குடுத்த டிசைனை சென்டிமீட்டருக்கு மாத்தி உங்களுக்கா ரவுண்ட் பண்ணாதீங்க. துணியைத் துவைக்கறதா இருந்தா எல்லாத்தையும் துவைங்க, இல்ல எதையும் துவைக்காதீங்க, பாதி துவைச்சது பாதி துவைக்காததுன்னு கலக்காதீங்க. கருஞ்சிவப்பு, கருநீலம் இருந்தா நனைச்ச வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க, சாயம் போகுமான்னு வெட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

ரோட்டரி கட்டர், அதான் வட்டப் பிளேடை உருட்டித் துணி வெட்டற கருவி, அதைப் பத்தி மட்டும் கொஞ்சம் திட்டறேன், பொறுத்துக்கோங்க. 1979ல ஓல்ஃபா கம்பெனி இதைக் கொண்டு வந்ததுலேருந்து சதுரம் வெட்டற வேலை எவ்வளவோ சுலபமாச்சு, ஆனா அது துணியை விடச் சுலபமா விரலை வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்கு அப்புறமும் பிளேடை மூடுங்க. "இப்ப மறுபடி எடுக்கப் போறேனே"ன்னு திறந்து வைக்காதீங்க, மேஜைல துணிக்கு அடியில மறைஞ்சு கெடக்கும், நீங்க அதைத் தேடும்போது கையால தேடுவீங்க. உங்களை விட்டு வெளிப்பக்கமா தள்ளி வெட்டுங்க, ஸ்கேலைப் பிடிக்கற விரல் எதுவும் ஓரத்தைத் தாண்டி நீட்டக் கூடாது. நின்னுக்கிட்டு வெட்டுங்க. மழுங்கின பிளேடுதான் ஆபத்து, அழுத்தி அழுத்தி வெட்டறப்ப வழுக்கும். வீட்டுல குழந்தைங்க இருந்தா அது உயரத்துல, பூட்டி. தைக்கும்போது மெஷினைக் குண்டூசி மேல ஓட்டாதீங்க, ஊசி ஒடிஞ்சா துண்டு எங்க தெறிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, உங்க முகம் அதுக்கு நேராதான் இருக்கு.

ஏற்கனவே ஒன்பது கட்டம் எல்லாம் 6.25ல தைச்சு அடுக்கி வச்சிருக்கீங்களா? பிரிக்க வேண்டாம், பயப்படாதீங்க. எல்லாம் ஒரே அளவு இருந்தா வெறும் சதுரத்தை 6.25ன்னு வெட்டிக்கோங்க, அதே தையல் அளவுலயே சேர்த்துட்டுப் போங்க, பொருந்திடும். இதுக்காகத்தான் கிளாஸ்ல சொல்வேன், கட்டம் போட்ட பிளாக்கை முதல்ல தைச்சு அளந்துட்டு வெறும் சதுரத்தைக் கடைசியில வெட்டுங்கன்னு. பெரும்பாலானவங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டி முடிச்சுடறாங்க, அங்கதான் வழி அடைபடுது. பார்டரும் அப்படித்தான், நீளப் பட்டையை ஓரத்துல வச்சு ஓட்டிக்கிட்டே போய் மிச்சத்தை வெட்டாதீங்க, டாப்போட நடுவுல அளந்து அந்த நீளத்துக்கு வெட்டி, ரெண்டு முனையும் நடுவும் குண்டூசி குத்தி அப்புறம் தைங்க. இல்லன்னா பார்டர் அலை அலையா நிக்கும்.

எங்கிட்டக் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடித்துணி நாலு பக்கமும் டாப்பை விட 4 இஞ்ச் பெரிசா இருக்கட்டும், மெஷின்ல பிடிச்சுக் கட்ட அது வேணும். பின்பக்கம் தொங்கற நூலை எல்லாம் வெட்டிடுங்க, வெள்ளைத் துணிக்கு அடியில கறுப்பு நூல் அப்படியே தெரியும். முக்கியமா, டாப்பை முழுசா முடிச்சுட்டுக் கேக்க வராதீங்க. முதல் ரெண்டு பிளாக் தைச்சதும் ஸ்கேலைப் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன், அதுக்கு நான் காசு எதுவும் கேக்கறதில்ல.