வாவியை மறைத்த திரைச்சீலை: பூச்சாடி இல்லாமல் வீட்டுக்குள் இயற்கை

மட்டக்களப்பின் கல்லடியில் வாவிக்கரையை அண்டியிருக்கும் தம்முடைய வீட்டின் உட்புறத்தை மாற்றியமைத்துத் தருமாறு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடந்த வருடம் என்னை அழைத்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நிபந்தனையைச் சொல்லிவிட்டார்: "மகள், வீட்டுக்குள்ள இயற்கையா இருக்கவேணும். ஆனா ஒரு பூச்சாடியும் வேண்டாம்." அதற்குக் காரணம் இருந்தது. முந்திய மாரியில் அவருடைய பேத்தி டெங்குக் காய்ச்சலுடன் ஒரு வாரம் வைத்தியசாலையில் கிடந்தாள். பின்னர் வீட்டைப் பார்வையிட வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஹோலின் மூலையில் கண்ணாடிப் போத்தலுக்குள் அழகாக வேர்விட்டு நின்ற மணிபிளாண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தத் தண்ணீருக்குள் நெளிந்த நுளம்புக் குடம்பிகளை ரீச்சருக்குக் காட்டியிருக்கிறார்.

இந்த அச்சத்தை மிகையானது என்று நான் ஒதுக்குவதில்லை. டெங்கைப் பரப்பும் நுளம்பு ஒரு சிரட்டை அளவு நீரிலும் முட்டையிடும். முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதுமானவை. நீரை ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை என்பதால் பாத்திரத்தை உரசிக் கழுவாமல் பயனில்லை. இதை வாரந்தோறும் செய்ய முடியாத வீட்டுக்குச் செடியைச் சிபாரிசு செய்வது என்னுடைய தொழிலில் பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன்.

அன்று ரீச்சருடைய ஹோலில் நான் முதலில் கவனித்தது வேறொன்று. மேற்குச் சுவரில் ஆறடி அகலத்தில் ஓர் அலுமினிய யன்னல் இருந்தது. அதில் நீலச் சாயமிட்ட கண்ணாடி பொருத்தி, கண்ணாடியின் மேல் கனத்த பொலியெஸ்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, திரைச்சீலைக்கு முதுகைக் கொடுத்து மூன்றுபேர் அமரும் செற்றியைப் போட்டிருந்தார்கள். அந்த யன்னலிலிருந்து முப்பது அடி தூரத்தில் வாவி கிடந்தது. வீடு கட்டி ஆறு வருடமாகியும் அதைப் பார்ப்பதற்கென்று யாரும் ஹோலில் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்குள் இயற்கை என்றவுடன் செடியை நினைப்பது பத்திரிகைப் படங்களும் கைபேசித் திரையும் நமக்குத் தந்த பழக்கம். இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். யன்னலூடாக மரங்களைக் கண்ட 23 பேர் சத்திரசிகிச்சையின் பின்னர் சராசரியாக 7.96 நாட்கள் தங்கியிருந்தார்கள்; செங்கற் சுவரைக் கண்ட 23 பேர் 8.70 நாட்கள் தங்கியிருந்தார்கள். மரங்களைக் கண்டவர்களுக்கு வீரியமான வலிநிவாரணியும் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த அறைகளுக்குள் யாரும் பூச்சாடி வைத்துக் கொடுக்கவில்லை. மரம் வெளியே, மண்ணில் நின்றது. யன்னல் மட்டுமே சரியான இடத்தில் இருந்தது.

ஆகவே நான் வேலையை யன்னலில்தான் தொடங்குகிறேன். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி உயரத்தில் இருக்கும். நம்முடைய மேசன்மார் யன்னலுக்குக் கீழே வழக்கமாக விடும் மூன்றரை அடி உயர அடிச்சுவருக்கு அப்பால் அவருக்குத் தெரிவது வானமும் அயல்வீட்டுக் கூரையும் மட்டுமே. ரீச்சர் வீட்டில் அடிச்சுவரை இரண்டடிக்கு இறக்கி, உட்புறம் கிறிலைப் போட்டு, செற்றியை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். நழுவும் யன்னலையும் அகற்றினோம். ஆறடி யன்னலானாலும் நழுவும் கதவு ஒன்றன் பின்னால் ஒன்று ஒதுங்குவதால் மூன்றடிதான் திறக்கும் என்பதை வாங்கும்போது கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. இப்போது இருப்பது வேப்பம்பலகையில் ஓடாவியார் செய்துதந்த, கீலில் திறக்கும் நான்கு கதவுகள். நுளம்பு வலையைத் தனிச்சட்டத்தில் பொருத்தியிருக்கிறோம். வலை காற்றைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால், வலை போடும் வீட்டில் திறப்பு பெரிதாக இருப்பது இன்னும் அவசியமாகிறது.

மேற்குவெயில் என்று எவரும் ஆட்சேபிக்கலாம், ரீச்சரும் ஆட்சேபித்தார். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழே முக்கால் பாகையில் இருப்பதால் ஏப்ரல் 10ஆம் திகதியளவிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்தும் மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் செல்லும். தெற்கே சாய்வு மிகுந்த டிசெம்பரிலும் அது உச்சியிலிருந்து முப்பத்தொரு பாகைக்கு மேல் இறங்குவதில்லை என்பதால், வடக்கு, தெற்குச் சுவர்களில் யன்னலின் தலையை ஒட்டி இரண்டரை அடி நீட்டிய தாழ்வாரம் நான்கடி உயர யன்னலை நண்பகலில் முழுவதுமாக நிழலில் வைத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. அங்கே வெயில் தாழ்ந்து நேராக உள்ளே பாயும். தாழ்வாரத்தால் அதைத் தடுக்க முடியாது. திரைச்சீலையாலும் முடியாது, ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரைச்சீலை வாங்கிச் சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. தடுப்பு வெளியே இருக்கவேண்டும். எங்களுடைய அம்மம்மாமார் விறாந்தையில் தொங்கவிட்ட தட்டியைத்தான் மூங்கிலில் சுருட்டி ஏற்றக்கூடியதாகச் செய்து யன்னலுக்கு வெளியே மாட்டினேன். பிற்பகல் மூன்று மணிக்கு அதை முக்கால்வாசி இறக்கிவிட்டால், வெயில் தட்டியில் நின்றுவிடும். கீழே விட்ட ஒன்றரை அடி இடைவெளியால் வாவி நீரில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் உள்ளே வந்து, ஹோலின் வெள்ளைக் கூரைத்தளத்தில் அலையலையாக அசைந்துகொண்டிருக்கும். இதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று பெருமையடிக்க விருப்பம்தான். உண்மையில் தட்டியை மாட்டிய அன்று பேத்திதான் அண்ணாந்து பார்த்துக் கைகொட்டினாள்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, மலைகளைத் தாண்டி ஈரமிழந்து சுடச்சுட வீசுவது. அதைப் பகலில் உள்ளே விடக்கூடாது. மாலையில் கடற்காற்று திரும்பியதும் கிழக்கு யன்னலையும் அதற்கு எதிரேயுள்ள திறப்பையும் சேர்த்துத் திறக்கவேண்டும். வெளியேறும் வழி இல்லாத அறைக்குள் காற்று நுழையாது. பழைய வீடுகளில் கதவுகளுக்கு மேலே மரச்சட்டமிட்ட காற்றுத் துவாரங்கள் இருந்தது இதற்காகவே. குளிரூட்டி பொருத்தும்போது அவற்றைப் பலகை அடித்து மூடிவிடுகிறோம். குளிரூட்டி இல்லாத அறைகளில் அந்தப் பலகையைக் கழற்றுவது நான் அறிந்தவற்றில் மிக மலிவான அலங்காரம்.

பொருட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது கைக்கும் காலுக்கும் படும் இடங்களை. மேசையின் விளிம்பு, கதவின் கைபிடி, கட்டிலின் தலைப்பக்கம், தரை ஆகியவற்றில் மரவரி அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் கண் ஒருநாள் ஏமாறும், விரல் ஏமாறுவதில்லை. ஒரு முழுச் சுவருக்கு முதிரைப் பலகை அடிக்கக் கட்டுப்படியாகாவிட்டாலும், கைபிடியை மட்டும் முதிரையில் செய்வது யாருக்கும் இயலும். ரீச்சரின் பழைய வளவில் கிடந்த ஒரு துண்டிலிருந்தே ஓடாவியார் ஏழு கைபிடிகளைச் செய்துதந்தார். திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தியை எடுத்தோம். அது மெல்லிய காற்றுக்கும் அசைகிறது. காற்று வந்திருப்பதைத் திரைச்சீலை சொல்லும் வீடு எனக்குப் பிடிக்கும்.

பன்பாய் விடயத்தில் நான் ஒருமுறை நன்றாகவே பிழைவிட்டேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு வீட்டில், சாயமேற்றிய பன்னால் பின்னிய பாயைக் கட்டிலின் தலைப்பக்கச் சுவரில் பசையிட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஆடி ஆவணியில் பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். நவம்பர் மழை தொடங்கி மூன்றாம் கிழமை, பாய்க்குப் பின்னால் சாம்பல்நிறப் பூஞ்சணம் படர்ந்து, படுக்கையறை முழுவதும் ஈரச்சாக்கு மணந்தது. பன் சதுப்பில் வளரும் கோரை. ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. சுவரும் மாரியில் ஈரம் விடும். இரண்டையும் இடைவெளியின்றிச் சேர்த்தது என் தவறு. அந்த வேலையை என் செலவில் கழற்றினேன். இப்போது பாயை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து ஓர் அங்குலம் விலக்கி, இரண்டு கொளுக்கியில் மாட்டுகிறேன். மாரி முடிந்து தை வெயில் வந்ததும் கழற்றி முற்றத்தில் காயவைக்கலாம்.

நீரோசை வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மின்சாரத்தில் ஓடும் குட்டி நீரூற்றை நான் விற்பதில்லை. மின்சாரம் நின்று இரண்டு வாரம் கவனிக்காவிட்டால் அதுவும் ஒரு மணிபிளாண்ட் போத்தல்தான். அதற்குப் பதிலாக, படிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஒரு பக்கக் கூரையில் பீலியைக் கழற்றிவிட்டு, ஓட்டிலிருந்து மழை நேராக விழும் வரிசையில் இரண்டடி ஆழத்துக்குக் கருங்கற்சல்லி நிரப்பிய வாய்க்காலை வெட்டலாம். கரையோர மணல் நிலத்தில் நீர் தேங்காமல் வடிந்துவிடும். சருகு அடைத்து நுளம்பு வளர்க்கும் பீலியொன்றும் குறைகிறது. வாவிக்கு மேற்கே களிமண் நிலமுள்ள படுவான்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இது ஒத்துவராது.

இரவு வெளிச்சத்தில் பெரும்பாலும் மின்குமிழின் பெட்டியை வாசித்தாலே போதும். 6500 கெல்வின் என்று போட்டிருப்பது நண்பகல் வானத்தைப் போன்ற நீலம் கலந்த வெள்ளை. குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் ஏற்றது. படுக்கையறையில் அது உறக்கத்தைத் தூண்டும் மெலற்றோனின் சுரப்பைத் தாமதப்படுத்தும். அங்கே 2700 அல்லது 3000 கெல்வின் மின்குமிழைப் போடுங்கள்.

இரண்டு பொருட்களை மட்டும் நான் கண்டிப்பாக மறுத்துவிடுவேன். ஒன்று, பிளாஸ்டிக் இலைச் சுவர். அது ஆறு மாதத்தில் தூசு பிடித்துப் பல்லிகளுக்கு வீடாகிறது. மற்றொன்று, காட்சிக்கு வைக்கும் முருகைக்கல். அதைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் நம் நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. பாசிக்குடாவின் அழகைக் கண்ணாடி அலுமாரிக்குள் கொண்டுவர நினைப்பவர், அங்கே அதைக் குறைத்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்.

ரீச்சர் வீட்டு வேலை முடிந்து எட்டு மாதமாகிறது. மூங்கில் தட்டி நன்றாகவே இருக்கிறது. அதைத் தூக்கி இறக்கும் தும்புக்கயிறு மட்டும் உப்புக்காற்றில் ஐந்தாம் மாதமே இற்று அறுந்துவிட்டது. போன கிழமை நைலோன் கயிறு மாற்றிக் கொடுத்தோம்.