அரிசி விலை ஏறியதா? சிப்பத்தின் எடையையும் பாருங்கள்

"போன வருஷத்தைவிட சிப்பத்துக்கு ஐம்பது ரூபாய் ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், என்ன ரகம், எத்தனை கிலோ என்றுதான் முதலில் கேட்பேன். சில்லறை விலைகளைச் சேகரிக்கும் புள்ளியியல் பணியில் வந்த பழக்கம். மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் குடும்பங்கள் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எடையை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அதற்கு மேல் எடையுள்ள பைக்கு வரி இல்லை. சில நாட்களிலேயே அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து இறங்கியது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: 25 கிலோ 1,500 ரூபாய் என்றால் கிலோ 60 ரூபாய். 26 கிலோ 1,550 ரூபாய் என்றால் கிலோ 59 ரூபாய் 62 காசு. சிப்பத்துக்கு ஐம்பது ரூபாய் ஏறியிருக்கிறது, கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சின்னப் பாக்கெட்டுகளில் இதுவே தலைகீழாக நடப்பதுண்டு. விலை அப்படியே நிற்கும், எடை இறங்கியிருக்கும். அதனால் எதை வாங்கினாலும் கிலோ விலைக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ரகம் இன்னும் சிக்கலானது. பொன்னி என்று பையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி ஒப்பிட முடியாது. அதே பெயரில் புது அரிசியும் வரும், பழைய அரிசியும் வரும். பழைய அரிசி உலைத் தண்ணீரை நன்றாக இழுக்கும், சோறு நிறையக் காணும், குழையாது. மாதக்கணக்கில் இருப்பு வைத்த செலவும் அதன் விலையில் சேரும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வரும் சமயத்தில் வாங்கியதை, ஆறேழு மாதம் கழித்துப் பழைய அரிசி வாங்கிய விலையோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏற்றம்தான் தெரியும். ஒரு மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதுதான் சரி.

மக்கள் வாங்கும் பொருட்களின் விலை எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் அரசின் நுகர்வோர் விலைக் குறியீடும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த ஆண்டின் விலையோடு ஒப்பிடும் குறியீட்டு வரிசைக்கு 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை எடுத்தார்கள். முடிந்தவரை அதே கடை, அதே ரகம், அதே அளவு. கடை மூடிவிட்டால் அல்லது ரகம் வராமல் போனால் அதற்கு ஈடான இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வரிசையில் ரேஷன் அரிசிக்கும் வெளிக்கடை அரிசிக்கும் தனித்தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதையும் கடை அரிசியையும் ஒன்றாகக் கூட்டி "எங்கள் வீட்டு அரிசி விலை" என்று சராசரி போட்டால், ரேஷனில் வாங்கும் அளவு மாறும்போதெல்லாம் விலை மாறியது போலத் தோன்றும்.

புழுங்கலையும் பச்சரிசியையும்கூடத் தனித்தனியாகவே எழுதுங்கள். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின், அதாவது பச்சரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. புழுங்கலுக்குத் தடை இல்லை, அடுத்த மாதம் 20 சதவீத ஏற்றுமதி வரிதான் வந்தது. வெள்ளை அரிசி மீதான தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீங்கியது. செய்தியில் எல்லாம் "அரிசி" என்றே வரும். உங்கள் சாப்பாட்டு அரிசிக்கு என்ன ஆனது என்பது உங்கள் குறிப்பில்தான் தெரியும்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. சிப்பம் வாங்கும் அன்று தேதி, கடை, ரகம், புதுசா பழசா, எடை, கொடுத்த தொகை, இவ்வளவுதான். பில்லைப் படம் எடுத்து வைத்தாலும் போதும், ஆனால் புதுசா பழசா என்பது பில்லில் இருக்காது, அதைக் கையால் எழுத வேண்டும். அப்புறம், ஒரு வருஷம் ஓடிய பிறகுதான் இந்தக் குறிப்பு பேசத் தொடங்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

மொத்தமாக வாங்கும் மகளிர் குழுக்களுக்கும் விடுதிச் சமையலறைகளுக்கும் இது இன்னும் முக்கியம். விலைப்புள்ளி கேட்கும்போது "சிப்பம் என்ன விலை" என்று விட்டுவிடாதீர்கள். கிலோ விலை, ரகம், எந்த அறுவடை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.