பேட்ச் – ஒட்டு

"பேட்ச் போட்டாச்சா?" சர்வர் (வழங்கி) பார்த்துக்கொள்கிறவர்கள் நடுவே அன்றாடம் புழங்கும் கேள்வி. முழு மென்பொருளையும் மாற்றாமல், கோளாறான இடத்துக்கு மட்டும் தரும் திருத்தம்தான் பேட்ச்.

ஆங்கிலத்தில் கிழிந்த துணிமேல் வைத்துத் தைக்கும் துண்டுக்கு இந்தப் பெயர். 1944இல் ஹார்வர்டு மார்க் 1 கணினிக்கு நிரலைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுத்தார்கள். தப்பான இடத்தில் துளை விழுந்தால் மேலே ஒரு துண்டை ஒட்டி மூடினார்கள். அசல் ஒட்டு! 1985இல் லாரி வால் 'பேட்ச்' என்ற பெயரிலேயே ஒரு நிரல் வெளியிட்டார். மாறிய வரிகளை மட்டும் கொடுத்தால் அது பழைய கோப்பைத் திருத்திவிடும்.

தமிழில் 'இணைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, சுட்டியும் இணைப்பு. "அஞ்சல் வழங்கிக்கான இணைப்பை உடனே நிறுவவும்" என்று அறிவிப்பு வந்தால் எதை நிறுவுவது? 'திருத்தம்' பரவாயில்லை, ஆனால் எழுத்துப்பிழை திருத்துவதும் அதுதான். 'ஒட்டு' கச்சிதம். ஒட்டுப் போட்ட சட்டை எல்லாருக்கும் தெரியும். பேச்சில் 'பேட்ச்' என்பதோடு நாம் சேர்க்கும் வினையும் 'போடு'தானே.

2019 ஜூனில் எக்சிம் என்ற அஞ்சல் வழங்கி மென்பொருளுக்கு நடந்ததைப் பார்த்தால் சொல்லின் வீச்சு புரியும். 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்ததைக் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. பெறுநர் முகவரிக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால், எக்சிம் அதை ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் செய்யும் முழு உரிமையோடு, இயக்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், பிப்ரவரியில் வந்த 4.92இலேயே அது அடைபட்டிருந்தது. பாதுகாப்பு விஷயம் என்று அப்போது யாரும் உணராததால் பழைய பதிப்புகளுக்கு ஒட்டு வரவில்லை.

விஷயம் வெளியானதும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தருகிறவர்கள் 4.92க்குத் தாவவில்லை. தங்கள் நிலைப் பதிப்பில் இருந்த 4.89க்கே திருத்தத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். இதைத்தான் பேக்போர்ட் என்கிறோம். 'பின்னோக்கிய ஒட்டு' எனலாம். அதனால் 4.89 என்பதை மட்டும் பார்த்துப் பதறக் கூடாது. பின்னால் வரும் 'டெப்9யு4' போன்ற வாலையும் பார்க்க வேண்டும், ஒட்டு விழுந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

ஒட்டு ஓட்டையை மூடும், அவ்வளவுதான். அதற்குமுன் உள்ளே வந்தவரை வெளியேற்றாது. சில நாட்களிலேயே இந்த ஓட்டை வழியாக ஒரு புழு நிரல், அதாவது கணினி விட்டுக் கணினி தானே தாவும் தீய நிரல், பரவியது. ரூட்டின் கிரான் பட்டியலில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகளின் பட்டியல்) தன் வரியைச் சேர்த்து, தொலைவிலிருந்து மறுபடி நுழைய எஸ்.எஸ்.எச். சாவி ஒன்றையும் வைத்துவிட்டுப் போனது. அப்புறம் 2020 மே மாதம், ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் முந்தைய ஆகஸ்டிலிருந்தே இதே ஓட்டையைப் பயன்படுத்திவருவதாக அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. எச்சரித்தது. ஒட்டு வந்து ஏறத்தாழ ஓராண்டு! ஆகவே 'ஒட்டு வந்தது', 'ஒட்டுப் போட்டோம்', 'துப்புரவு செய்தோம்' ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுதுவது நல்லது.

பயன்பாடு: "அஞ்சல் வழங்கிக்கு நேற்றிரவே ஒட்டுப் போட்டாயிற்று, கிரான் பட்டியலையும் சாவிகளையும் இன்று பார்க்கிறோம்."