ஒரே கணினி, நான்கு பேர்: மின்னஞ்சலும் நாட்காட்டியும் கலந்துவிடாமல் இருக்க

வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வந்த நேர்காணல் அழைப்பு, அவருடைய நாட்காட்டியில் பதியாமல் அவருடைய அப்பாவின் நாட்காட்டியில் பதிந்துவிட்டது. மின்னஞ்சலில் இருந்த ‘நாட்காட்டியில் சேர்’ என்ற இணைப்பை அந்தப் பெண் தம் கையால்தான் சொடுக்கினார்; சேர்ந்துவிட்டது என்ற செய்தியையும் கண்ணால் பார்த்தார். ஆனால் குறித்த நாளில் நினைவூட்டல் ஒலித்தது, வெளியூர் போயிருந்த அப்பாவின் கைபேசியில். மகளோ தன் கைபேசி ஒலிக்கும் என்று நம்பி வேறு வேலையில் மூழ்கியிருந்தார். நேரம் கடந்துவிட்டது.

கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று என்னை அழைத்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை. நான்கு பேர் பயன்படுத்தும் அந்தக் கணினியில் ஒரே ஒரு பயனர் கணக்குதான் இருந்தது. ஒரே உலாவியில் அப்பா, மகள் இருவருடைய மின்னஞ்சல் கணக்குகளும் சேர்ந்தே திறந்திருந்தன. முதலில் உள்நுழைந்தவர் அப்பா என்பதால் அவருடையதே முதன்மைக் கணக்காகிவிட்டது. மகளின் அஞ்சலிலிருந்து புதிய தாவலில் திறந்த இணைப்பு அப்பாவின் நாட்காட்டிக்குப் போய்விட்டது. ஜிமெயில் பயன்படுத்துகிறவர்கள் முகவரிப் பட்டையைக் கவனித்தால் ‘யு’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 0 அல்லது 1 என்ற எண் நிற்பதைப் பார்க்கலாம். 0 என்பது முதலில் நுழைந்த கணக்கு, 1 என்பது அடுத்தது. நாம் யாருடைய பெயரில் இயங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்த ஓர் எண்தான் சொல்கிறது. அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை.

வீடுகளுக்குச் சென்று கணினி அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். குடும்பத்தாரின் அஞ்சல்கள் கலந்துபோன வீடுகளில் பெரும்பாலும் பிரிவினையைத் தவறான இடத்தில் செய்திருக்கிறார்கள். உலாவிக்குள்ளோ அஞ்சல் மென்பொருளுக்குள்ளோ பிரிக்க முயல்கிறார்கள். கணினிக்குள் நுழையும் வாசலிலேயே பிரித்துவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

வாசல் என்று நான் சொல்வது விண்டோஸின் பயனர் கணக்கை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குள் சென்றால் ஆளுக்கொரு கணக்கைச் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம். அதன்பின் ஒவ்வொருவருக்கும் தனி முகப்புத் திரை, தனிக் கோப்புறை, உலாவியில் தனிக் கடவுச்சொற்கள், அஞ்சல் மென்பொருளில் தனி அமைப்புகள் என எல்லாம் தாமாகவே பிரிந்துவிடும். ஒருவர் கணக்கில் இருந்துகொண்டு இன்னொருவரின் கோப்புறையைச் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. நிர்வாகி உரிமை, அதாவது கணினி முழுவதையும் மாற்றியமைக்கும் உரிமை, உள்ளவரால் முடியும். ஆகவே நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, அன்றாடப் பயன்பாட்டுக்கு வீட்டுத் தலைவர் உட்பட அனைவருக்கும் சாதாரணக் கணக்கே கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது வழக்கம். சில வீடுகளில் இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒருவரையொருவர் நம்பாத குடும்பமா நாங்கள் என்று கேட்பவர்களுக்கு, மேற்சொன்ன நேர்காணல் கதையைத்தான் சொல்கிறேன். அந்த வீட்டில் நம்பிக்கைக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்கார வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டுமே என்ற தயக்கம் அடுத்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த நாளிலிருந்தே அந்தத் தேவை இல்லை. விண்டோஸ் விசையுடன் எல் விசையை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் தம் பெயரைத் தொட்டு நுழையலாம். முன்னவர் திறந்து வைத்தவை அப்படியே காத்திருக்கும். நினைவகம் குறைந்த பழைய கணினியாக இருந்தால் மட்டும், எழுந்து போகிறவர் முழுமையாக வெளியேறிவிட்டுப் போவது நல்லது.

குரோம் உலாவியில் ஆளுக்கொரு புரொஃபைல், அதாவது உலாவிக்குள்ளேயே தனித்தனி அமைப்பு, வைத்திருக்கிறோமே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். குழப்பத்தை அது பெருமளவு குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் புரொஃபைலுக்குக் கதவு உண்டு, பூட்டு இல்லை. மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் யாருடையதும் திறந்துவிடும். ஒரே நபர் தம் அலுவலக அஞ்சலையும் சொந்த அஞ்சலையும் பிரித்துக்கொள்ள அது மிகப் பொருத்தமான வசதி. பழைய அவுட்லுக் அஞ்சல் மென்பொருளில் கண்ட்ரோல் பேனல் வழியாக ஆளுக்கொரு புரொஃபைல் அமைத்து, திறக்கும்போதெல்லாம் யார் என்று கேட்கச் செய்யலாம். அங்கும் இதே குறைதான். அதன் தரவுக் கோப்புக்கு வைக்கும் கடவுச்சொல்லையும் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம், அதை எளிதில் நீக்கிவிட முடியும். அந்தக் காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸில் குடும்பத்தாருக்கெனவே ஆளுக்கொரு அஞ்சல் பெட்டியைப் பிரித்துத் தரும் ‘ஐடென்டிட்டி’ என்றொரு வசதி இருந்ததைச் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். விண்டோஸ் விஸ்டாவில் அதற்கு மாற்றாக வந்த அஞ்சல் மென்பொருளில் அது கைவிடப்பட்டது.

பிரிக்கத் தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் அஞ்சல் பாப் முறையில் வருகிறதா, ஐமேப் முறையில் வருகிறதா? ஐமேப்பில் அஞ்சல்கள் அஞ்சல் நிறுவனத்தின் கணினியான சேவையகத்திலேயே இருக்கும், எனவே புதிய பயனர் கணக்கில் மீண்டும் உள்நுழைந்தால் எல்லாம் வந்துவிடும். பாப் முறையில் கணினிக்கு இறக்கிய பிறகு சேவையகத்திலிருந்து அழித்துவிடும் அமைப்பு இருந்தால், உங்கள் கணினியில் இருப்பதே ஒரே பிரதி. மூன்று பேருடைய பல ஆண்டு அஞ்சல்கள் ஒரே பெட்டியில் கொட்டிக் கிடந்த ஒரு வீட்டில், பெறுநர் முகவரியை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க எனக்கு ஒரு முழுநாள் பிடித்தது. முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

நாட்காட்டி இன்னும் நுட்பமானது. அஞ்சலைப் போலன்றி, அதில் கொஞ்சம் பகிரத்தான் வேண்டியிருக்கிறது. அதற்காகக் கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் பிழை. கூகுள் காலண்டரில் ஒருவரின் நாட்காட்டியை மற்றவருக்குக் காட்டும்போது, விவரம் தெரியாமல் ‘அந்த நேரத்தில் வேலை இருக்கிறது’ என்பதை மட்டும் காட்டலாம், முழு விவரமும் காட்டலாம், திருத்தும் உரிமையும் கொடுக்கலாம். குடும்பக் குழு ஒன்றை உருவாக்கினால் அனைவருக்கும் பொதுவான ஒரு நாட்காட்டி தானாகவே கிடைக்கும். அக்குழுவில் 6 பேர் வரை இருக்கலாம். பள்ளிக் கூட்டம், பயணம், கட்டணம் செலுத்த வேண்டிய நாள் ஆகியவை பொது நாட்காட்டிக்குரியவை. மருத்துவச் சந்திப்பு, வேலை மாற்றம், ஒருவர் மட்டும் சுமக்க விரும்பும் எதுவும் அவரவர் நாட்காட்டிக்குரியவை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது, பள்ளி மாணவனான மகன் தன் நண்பர்கள் இருவரை அருகில் வைத்துக்கொண்டு திரையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். திடீரென வலப்பக்க மூலையில் ஒரு சிறு பெட்டி எழுந்தது: அம்மாவின் பெயர், புற்றுநோய்ப் பரிசோதனை, மறுநாள் காலை மணி. சில நொடிகளில் அது மறைந்துவிட்டது. அந்தச் செய்தியை மகனிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்தத் தாய் யோசித்து வைத்திருந்திருப்பார். கணினி முந்திக்கொண்டது. தனிக் கணக்கு அமைப்பதோடு, பூட்டிய திரையில் அறிவிப்புகளின் விவரம் தெரியாதபடி மாற்றுவதையும் அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் விடுவதில்லை.

முதியவர்களின் அஞ்சலைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் வீடுகளிலும் கடவுச்சொல் கைமாற வேண்டியதில்லை. ஜிமெயிலில் தம் அஞ்சலைப் படிக்கவும் பதில் அனுப்பவும் இன்னொருவருக்கு உரிமை அளிக்கும் வசதி இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. அதேபோல் கணக்கை மீட்பதற்கான கைபேசி எண்ணும் அவரவருடையதாகவே இருக்கட்டும். நான்கு கணக்குகளுக்கும் அப்பாவின் எண்ணே இருந்தால், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

நேர்காணலைத் தவறவிட்ட பெண்ணின் வீட்டில் வேலையை முடிக்க மாலையாகிவிட்டது. பழைய கணக்கின் உலாவியிலிருந்து எல்லாரையும் வெளியேற்றி, சேமித்திருந்த கடவுச்சொற்களை அழித்து, ஒவ்வொருவராக அழைத்துப் புதிய கணக்கில் நுழையச் சொன்னேன். கடைசியாக வந்தவர் அம்மா. அதுவரை அவருக்கென்று ஒரு முகவரியே இல்லை, அவருக்கான அஞ்சல்களும் கணவரின் பெட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தன. விசைப்பலகையை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, கடவுச்சொல் கேட்கும் கட்டத்தைச் சற்று நேரம் பார்த்தவர், எங்கள் அனைவரையும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னார்.