பழுத்த பழத்தைக் கருமந்தி ஏன் அதிகம் நாடுவதில்லை?

ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போனால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும். அதில் ஒரு காட்டு அத்தி காய்த்துவிட்டால் சிங்கவால் குரங்கு, இலை தின்னும் குரங்கான கருமந்தி, மலையணில், பெரிய அலகுப் பறவையான இருவாச்சி எல்லாமே அந்த மரத்துக்கு வந்து சேரும். இத்தனை வாய்க்கு ஒரே மரம் என்றால் தினமும் அடிதடிதானே நடக்க வேண்டும்? பெரும்பாலும் நடப்பதில்லை. காரணம் வயிற்றில் இருக்கிறது.

கருமந்தியின் இரைப்பை பல அறைகள் கொண்டது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்க உதவுகின்றன. இனிப்பு அதிகமாக உள்ளே போனால் அமிலம் ஏறிவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அள்ளி வைத்தால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று நம்ம ஊர்ப் பண்ணையக்காரர்கள் சொல்வார்களே, ஏறக்குறைய அதே கதைதான். அதனால் அது கொழுந்து, காய், விதை என்று போகிறது. துவர்ப்பும் கசப்புமான காயையும் அந்த நுண்ணுயிர்கள் ஓரளவு சமாளித்துவிடும் என்பதால், மற்றவர்கள் பழுக்கட்டும் என்று காத்திருக்கும்போதே இது பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. சண்டை போடாமல் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் காயாகவே போனது பிறகு பழமாகக் கிடைக்காதே, அதுவும் போட்டிதான்.

சிங்கவால் குரங்குக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. பழமும் பூச்சியும் வேண்டும். அதற்குப் பெரிய போட்டி வேறு விலங்கு என்பதைவிடச் சொந்தக் கூட்டம் என்றே சொல்வேன், ஏனென்றால் பதினைந்து இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் அதே பழம்தான் வேண்டும். அதற்குத்தான் கன்னப்பை. கிடைத்ததை இரண்டு கன்னத்திலும் திணித்துக்கொண்டு நகர்ந்து, வேறு கிளையில் ஆற அமர மென்று, கொட்டையைத் துப்பும்.

இருவாச்சிக்குப் பல்லே கிடையாது, பழத்தை அப்படியே விழுங்கும். ஒரு மரம் தீர்ந்தால் பறந்து அடுத்த காட்டுக்குப் போய்விடும். மரநாயும் வௌவாலும் ராத்திரி ஷிப்ட்.

நிஜமான இழுபறி வெடிப்பலாவில்தான். குரங்குப் பலா என்றும் சொல்வார்கள். பலாவைப் போல முள் இருக்கும், உள்ளே சுளை இருக்காது, கொட்டை மட்டும்தான். கொட்டையில் இனிப்புச் சிக்கல் இல்லையா, அதனால் சிங்கவால், கருமந்தி, மலையணில் மூன்றுமே முள்ளோட்டைப் பிய்த்து அதையே தேடுகின்றன. மற்ற பழங்கள் குறைந்திருக்கும் நாட்களில் அதன் சதைப்பற்றான பூவையும் விடுவதில்லை. அந்த மாதிரி நாட்களில் கைகொடுக்கும் இன்னொரு மரம் அத்தி. அத்திக் காய்க்குள்ளேயே முட்டையிடும் குட்டிப் பூச்சியான அத்திக்குளவி தொடர்ந்து வாழ எங்காவது ஒரு மரம் காய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் எல்லா அத்தியும் ஒரே மாதத்தில் காய்ப்பதில்லை.

காடு சுருங்கினாலும் இந்த வயிற்றுக் கணக்கு மாறுவதில்லை. வால்பாறை புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் தரையிறங்கி, ரோட்டைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் சமையலறை வரை வந்துவிடுகின்றன. சோறு அதற்குச் செரிக்கும். இலையை நம்பி வாழும் கருமந்தி அந்த அளவுக்கு வருவதில்லை.